அந்த முயலும் அரியலூர் பஸ்ஸும்

போன மாதம் பெரம்பலூரில் இருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தில் இப்போது பிஎச்.டி. செய்கிறவள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள் என்பதால் முகம் தெரியாது. எடுத்த எடுப்பில் கேட்டாள்: “மதி அக்கா, அந்த முயல் ஆன்டிபாடியைக் கம்பெனில நிறுத்திட்டாங்களாம். ஃப்ரீசர்ல பழசு கொஞ்சம் கெடக்கு. அது நல்ல ஆன்டிபாடிதானா?”

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி, நல்லதா கெட்டதா என்று ஒரே கேள்வி. எந்த முயல், எந்தத் தடவை தயாரித்த லாட், எதைப் பிடித்தது, பிடிக்கக்கூடாத எதைப் பிடித்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. லாட் எண் பார்க்காமல் பழசைத் தொடாதே என்றேன். ஏன் என்றாள். சொல்ல ஆரம்பித்து, அடுப்பில் இருந்த சோறு குழைந்து போகும்வரை பேசிவிட்டேன். கடைசியில் அவள், “இதை அப்படியே எழுதிக் குடுத்துருங்கக்கா, எல்லாருக்கும் அனுப்பிடுறேன்” என்றாள். எழுதுகிறேன். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரியலூரில் பிறந்து, சிமெண்ட் லாரிகளுக்கு ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் பள்ளிக்கூடம் போனவள். திருச்சியில் விலங்கியல் படித்தேன். அதற்கு மேல் ஒரு லேப் டெக்னீசியன் படிப்பு. ரத்த வங்கியில் சில வருடங்கள் ஊசி குத்தினேன். பிறகு பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தேன். அரியலூரில் இருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அந்தப் பஸ்ஸும் இந்தக் கதையில் ஒரு ஆள்.

தெரியாதவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் செய்தி கடத்தும் புரதங்கள் இருக்கின்றன. வெளியே சூடு, தூசி, கிருமி என்று ஏதாவது தொந்தரவு வந்தால் அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது அவற்றின் வேலை. கைனேஸ் என்பது அதில் ஒரு வகை. எங்கள் கூடம் அவற்றில் ஒரே ஒரு கைனேஸைக் கட்டிக்கொண்டு அழுதது. கண்ணுக்குத் தெரியாத அதைக் கண்டுபிடிக்க ஆன்டிபாடி வேண்டும். அந்தப் புரதத்தின் ஒரு துணுக்கை முயலுக்கு ஊசி போடுவார்கள். முயலின் உடம்பு அதை எதிரி என்று நினைத்து எதிர்ப்பொருளை உண்டாக்கும். முயலின் ரத்தத்தில் இருந்து அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, சுண்டுவிரல் நுனி அளவு குப்பியில் அடைத்து, தங்க விலைக்கு விற்பார்கள்.

வம்பு அங்கேதான் தொடங்குகிறது. முயல் ஒரே வகை எதிர்ப்பொருளை உண்டாக்குவதில்லை. பல வகைகளைக் கலந்துகட்டி உண்டாக்குகிறது. அதனால்தான் அதற்குப் பாலிகுளோனல் என்று பெயர். அந்தக் கலவையில் சில, நமக்கு வேண்டிய புரதத்தைக் கவ்வும். சில, அதன் சாயலில் இருக்கும் வேறு எதையாவது கவ்விக்கொண்டு நிற்கும். அந்த முயல் செத்துப்போனால் இன்னொரு முயலுக்கு ஊசி போடுவார்கள். அது கொடுக்கும் கலவை வேறு. ஆனால் குப்பியின் மேல் அதே பெயர், அதே எண், அதே படம். மூலையில் பொடி எழுத்தில் லாட் எண் மட்டும் மாறியிருக்கும். பூனைக்குட்டியை வாங்கிவந்து சாக்கைப் பிரித்தால் கீரிப்பிள்ளை இருக்கும். கேட்டால், இரண்டும் எலி பிடிக்கும் என்பார்கள்.

வேலையும் லேசுப்பட்டதல்ல. ரத்தத்தைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்து வெள்ளை அணுக்களைப் பிரிக்க வேண்டும். அவற்றை உடைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை ஒரு ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட வேண்டும். பெரியது பின்தங்கும், சிறியது முன்னே ஓடும். பிறகு ஜெல்லை, மெம்பரேன் என்கிற வெள்ளைத் தாளோடு சேர்த்து அழுத்தி, புரதங்களை அதில் ஒற்றி எடுக்க வேண்டும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி மாட்டினாலும் அந்த இடம் பொட்டலாகிவிடும். அதற்காகவே கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சப்பாத்திக் கட்டை மாதிரி உருட்டி உருட்டிக் குமிழியைத் தள்ளுவேன். அப்புறம் மெம்பரேனைப் பால் பவுடர் கரைசலில் ஊறவைப்போம், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க. அதற்குமேல் முயல் ஆன்டிபாடி. அலசல். முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி. மறுபடியும் அலசல். கடைசியில் ஒளிவிடும் மருந்தை ஊற்றி இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்தால், நாம் தேடும் புரதம் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும். அந்த ஒரு பட்டைக்கு இரண்டு நாள். நடுவில் கரண்ட் போனால் முதலில் இருந்து.

எங்கள் தலைவர் நஜ்முதீன் சார், திருச்சிக்காரர். பட்டை விழுந்த படத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்கவே மாட்டார். தாளில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நிற்பார். நாங்கள் பார்த்துக் குதித்துக்கொண்டிருக்கும் கறுப்புப் பட்டைகளை உள்ளங்கையால் மூடிவிடுவார். ஒன்றுமே விழக்கூடாத இடங்களைத்தான் முதலில் பார்ப்பார். காலியாக இருக்க வேண்டியது காலியாக இருக்கிறதா என்பதே அவர் கவலை. தப்பு என்ற வார்த்தையை அவர் வாயில் இருந்து நான் கேட்டதே இல்லை, ஒரு தடவை தவிர. “இன்னொரு தடவை பார்த்துடுவமே” என்பார். சொல்வது அவருக்கு ஒரு மூச்சு, செய்வது எங்களுக்கு இரண்டு நாள். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும், மரியாதை ஏறும். சாதாரணமாக என்னை வளர்மதி என்பவர், வளர்மதி மேடம் என்றால் ஏதோ கெட்டுவிட்டது என்று புரிந்துகொள்வேன். இந்த மனிதரோடு இத்தனை வருடம் எப்படிக் குப்பை கொட்டினேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார்.

இளவரசி எங்களிடம் பிஎச்.டி. செய்ய வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. கீழப்பழுவூர்ப் பக்கம். அவளுடைய தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி வேலை. அப்பா முருகையன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், கல்லை நொறுக்கும் கிரஷர் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி சும்மா மதிப்பெண்ணுக்காக எடுத்ததல்ல. தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு நுரையீரல் கெட்ட பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரிகிறது. அதற்கு முன்பே, ரத்த அணுக்களில் அந்தக் கைனேஸ் கூடுவதை வைத்துச் சொல்லிவிட முடியுமா? முடிந்தால், கெடுவதற்கு முன்பே ஆளை வேறு வேலைக்கு மாற்றலாம்.

முறைப்படி அனுமதி எல்லாம் வாங்கி, கல்லங்குறிச்சி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரத்தம் எடுத்தோம். முருகையன் தன் கூட்டாளிகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்திருந்தார். அவர்களில் சின்னத்தம்பி என்றொருவர். எல்லோருக்கும் சேர்த்து அவர்தான் பேசுவார். ஊசியைக் காட்டி, இதை எடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டு, இளவரசி முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் கையை நீட்டினார். எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் அடுக்கி, நானும் இளவரசியும் பெரம்பலூர் பஸ் ஏறுவோம். கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, குண்டு குழியில் குலுங்கி, கூடம் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, தூசியில் வேலை செய்யாதவர்களின் ரத்தமும் வேண்டுமே. அதைக் கல்லூரி டிரைவர்கள், தோட்டக்காரர்கள், காவலாளிகளிடம் எங்கள் கூடத்திலேயே எடுத்தோம்.

பட்டை விழுந்தது. சுரங்கத்துக்காரர்கள் வரிசையில் மை பூசியது போலக் கறுப்பு. மற்றவர்கள் வரிசையில் பென்சில் கீறல். சார் ஜன்னலோரம் போனார், கையால் மூடினார், இன்னொரு தடவை என்றார். செய்தோம். அதே பட்டை. இன்னொரு தடவை. அதேதான். இளவரசி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். சார் மட்டும், கைனேஸ் இல்லவே இல்லாத செல்லில் இந்த ஆன்டிபாடி என்ன காட்டுகிறது என்று பார்க்காமல் எழுத வேண்டாம் என்றார். அந்த மாதிரி செல்லுக்கு அவர் பெங்களூர் நண்பருக்கு எழுதிவைத்திருந்தார். அது வருகிற பாடாக இல்லை.

அதற்குள் கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஆய்வுக் குழு வரும் நேரம். ஏதாவது பெரிதாகக் காட்ட வேண்டும் என்று முதல்வர் துடித்தார். எங்களைக் கேட்காமலேயே ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பி, ஒரு நிருபரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மறுநாள் பேப்பரில், சிமெண்ட் தூசி பாதிப்பை ரத்தத்திலேயே கண்டுபிடித்த பெரம்பலூர் மாணவி என்று இளவரசி படத்தோடு வந்தது. சார் முதல்வர் அறைக்குப் போய், “தாங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றாராம். தாங்கள் என்று அவர் சொல்லி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பேப்பரை நாங்கள் மடித்துவைத்துவிட்டோம். சுரங்கத்தில் மடித்துவைக்கவில்லை. சின்னத்தம்பி அதை எடுத்துக்கொண்டு, கூட்டாளிகளோடு ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டார். நல்ல முகமூடி வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும், கிரஷரில் ரொம்ப காலம் இருந்தவர்களை வேறு பக்கம் மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி முழுசாக வெளிவரட்டும், பார்க்கலாம் என்று பதில். அன்றிலிருந்து இளவரசி ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாண்டிலேயே நிறுத்தி, ஆராய்ச்சிப் புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்பார்கள்.

இந்த நேரத்தில் ஆன்டிபாடி தீர்ந்தது. புதுக் குப்பி வந்தது. அதே பெயர், அதே எண், மூலையில் வேறு லாட். போட்டோம். சுரங்கத்துக்காரர்கள், தோட்டக்காரர்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி மெலிசான பட்டை. மை பூசிய கறுப்பு எங்கேயும் இல்லை.

அடுத்த சில வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஜெல்லைச் சந்தேகப்பட்டோம். மெம்பரேனைச் சந்தேகப்பட்டோம். ஒளிவிடும் மருந்தை மாற்றினோம். சென்னையில் இருந்த கம்பெனி ஆளுக்குப் போன் போட்டால், பால் பவுடர் பிராண்டை மாற்றிப் பாருங்கள் மேடம் என்றான். மாற்றினோம். ஆன்டிபாடியைக் கொஞ்சம் கூட ஊற்றிப் பாருங்கள் என்றான். கம்பெனிக்கு அது நல்ல யோசனைதான். முந்தின லாட்டுக்கும் இதற்கும் முயல் வேறா என்று கேட்டேன். அது நிறுவன ரகசியம் என்றான். முயலின் சாவு ஒரு ரகசியமா? பத்து தடவை கேட்ட பிறகு, ஆமாம், பழைய முயல் இப்போது இல்லை, ஆனால் தரம் ஒன்றுதான் என்று மெயில் அனுப்பினான். தரம் ஒன்றென்றால் பட்டை எங்கே போனது என்று திருப்பி எழுதினேன்.

ஒருவழியாகப் பெங்களூரில் இருந்து அந்தச் செல் வந்தது. கைனேஸை உண்டாக்கும் ஜீனையே வெட்டி எடுத்த செல். அதில் நம் கைனேஸ் துளிகூட இருக்காது. ஒரு நல்ல ஆன்டிபாடி அதில் எதையும் காட்டக்கூடாது. பழைய குப்பியின் அடியில் ஒட்டிக்கிடந்ததை வழித்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். படம் வந்ததும் சார் ஜன்னலுக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே பார்த்தார். புதிய ஆன்டிபாடி வரிசை காலி. பழைய ஆன்டிபாடி வரிசையில், இருக்கவே முடியாத இடத்தில், அதே கறுப்புப் பட்டை.

“வளர்மதி மேடம்,” என்றார். 

செத்துப்போன அந்த முயல் எங்கள் கைனேஸைப் பிடித்ததோடு, ஏறக்குறைய அதே அளவில் இருந்த வேறு ஏதோ ஒரு புரதத்தையும் பிடித்திருக்கிறது. நாங்கள் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டது முக்கால்வாசி அதைத்தான்.

இளவரசி விடவில்லை. “அது கைனேஸ் இல்லைன்னே வெச்சுக்குவோம் சார். ஆனா அந்த வேற ஏதோ ஒண்ணு, எங்கப்பாகிட்ட இருக்கு, தோட்டக்காரர்கிட்ட இல்லை. அப்ப தூசிதானே அதை ஏத்தியிருக்கு?” என்றாள். கேள்வி நியாயமானதுதான். எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது. சார், இவர்கள் ரத்தத்துக்கும் அவர்கள் ரத்தத்துக்கும் தூசியைத் தவிர வேறு என்னென்ன வித்தியாசம் என்று கேட்டார். வயசு என்றோம், அது பொருத்தித்தான் எடுத்திருந்தோம். பீடி என்றோம், அதுவும் இரண்டு பக்கமும் இருந்தது. சாப்பாடு, தண்ணீர் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். இளவரசி மூலையில் இருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுண்டிக்கொண்டே போனதைப் பார்த்தேன்.

“பஸ்ஸு சார்,” என்றாள்.

சுரங்கத்து ரத்தம் முழுவதும் அரியலூரில் எடுத்து, பெட்டியில் குலுங்கி, நேரம் கழித்துப் பெரம்பலூர் வந்த ரத்தம். மற்றவர்கள் ரத்தம் எடுத்த சூட்டோடு இயந்திரத்துக்குப் போன ரத்தம். அதை நாங்கள் மூன்று பேரும் அறிந்தே இருந்தோம். ஐஸ் இருக்கிறதே, போதும் என்றுதான் எழுதிக் கொடுத்த திட்டத்திலும் இருந்தது, அதைப் பார்த்து அனுமதி கொடுத்த பெரியவர்களுக்கும் அது உறுத்தவில்லை.

சோதித்துவிட வேண்டியதுதானே. சார், நான், இளவரசி, டிரைவர்கள், கிடைத்தவர்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்தோம். ஒவ்வொருவருடைய ரத்தத்திலும் பாதியை உடனே பிரித்தோம். மீதிப் பாதியை ஐஸ் பெட்டியில் வைத்து அரியலூர் பஸ்ஸில் ஏற்றினோம். ஒரு வேலையும் இல்லாமல் அரியலூர் போய், ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் பெரம்பலூர் திரும்பினோம். போன கண்டக்டரே திரும்பி வரும்போதும் இருந்தார். பெட்டியில் என்னம்மா என்றார். எங்கள் ரத்தம் என்றேன். அதற்கப்புறம் அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

வழித்தெடுத்த பழைய ஆன்டிபாடியில் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருந்தது. உடனே பிரித்த ரத்தத்தில் பென்சில் கீறல். பஸ்ஸில் போய்வந்த ரத்தத்தில் மை பூசிய கறுப்பு. வாழ்நாளில் ஒருமுறைகூடச் சுரங்கப் பக்கம் போகாத நஜ்முதீன் சாருடைய ரத்தத்தில்தான் எல்லாவற்றையும்விடக் கறுப்பு. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு மூன்று பேரும் அந்தப் படத்தைச் சுற்றி நின்றோம்.

முதல்வர், ஆய்வுக் குழு போகும்வரை இதை வெளியே விட வேண்டாம் என்றார். சார் அவரை மூன்று தடவை தாங்கள் என்று சொன்னதாகக் கேள்வி. மறுப்பைத் தானே எழுதிப் பேப்பருக்கும், முதல்வர் சுருக்கம் அனுப்பியிருந்த கருத்தரங்குக்கும் அனுப்பிவிட்டார். அதற்கு முன்னால் இளவரசி ஒன்று கேட்டாள். பேப்பரில் வருவதற்கு முன்பு அவர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். நான் சொல்கிறேன் என்று சார் சொன்னதற்கும் ஒப்பவில்லை.

அதே மண்டபத்தில் கூடினோம். புத்தகம் வந்துவிட்டது என்று நினைத்து, முதல் தடவையைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். ஒருவர் மிக்சர் பொட்டலம்கூட வாங்கிவந்திருந்தார். இளவரசி நின்றுகொண்டே சொன்னாள். முயல், குப்பி, பஸ், ஒன்றையும் விடவில்லை. நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். சொல்லி முடித்ததும் சின்னத்தம்பி எழுந்தார்.

“அப்ப எங்க நெஞ்சுல ஒண்ணும் இல்லைன்னு சொல்றியாம்மா?”

“அப்படிச் சொல்லலை மாமா. இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன்னு சொன்னது, அது இல்லை. அவ்ளோதான்.”

“பேப்பர்ல போட்டப்ப தெரிஞ்சுச்சே?”

“தப்பாத் தெரிஞ்சுச்சு.”

“இதை இப்ப காண்ட்ராக்ட்காரன்கிட்ட யாரு போய்ச் சொல்றது? நாளைக்கு மாஸ்க் கேட்டாக்கூட சிரிப்பானே.”

  நஜ்முதீன் சார் எழுந்து, தப்பு எங்களுடையது, அவளுடையது மட்டும் இல்லை என்றார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டது அப்போதுதான். சின்னத்தம்பி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஒவ்வொருவராக எழுந்து அவர் பின்னால் போனார்கள். நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன. முருகையன் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். மகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

“இன்னொருக்கா எடுங்கம்மா. இந்தத் தடவை பஸ்ல ஏத்தாதீங்க, இங்கயே வெச்சுப் பிரிங்க.”

ஊசி கொண்டுவரவில்லையே அண்ணே என்றேன். கொண்டுவந்தப்புறம் சொல்லுங்க, நான் வரேன் என்று கையை இறக்கிக்கொண்டார்.

அடுத்த மாதம், சுழற்றும் இயந்திரத்தைச் சாருடைய காரின் பின்சீட்டில் வைத்து, சாயாமல் இருக்கத் தலையணை கொடுத்துக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனோம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று ஜெனரேட்டர் வேறு. தோட்டக்காரர்களையும் டிரைவர்களையும் பெரம்பலூரில் இருந்து வேனில் கூட்டிவந்து, எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே இடத்தில் எடுத்து ஒரே மாதிரி பிரித்தோம். முருகையன் மறுபடியும் வீடு வீடாகப் போயிருந்தார். முதல் தடவை வந்தவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள். காலையில் சின்னத்தம்பி வரவில்லை. மதியத்துக்கு மேல் வந்தார். வரிசையில் போய் நின்றார்.

இதற்குள் சார் எங்கள் கல்லூரியின் நெஞ்சுநோய்ப் பிரிவு டாக்டரம்மா ஒருவரையும் கூட்டிவந்திருந்தார். அவர் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் மூச்சை இழுத்து முழுப் பலத்தோடு ஊதச் சொன்னார். அவ்வளவுதான் அந்தச் சோதனை. முயலும் வேண்டாம், பால் பவுடரும் வேண்டாம்.

ரத்தத்தின் முடிவு வந்தது. புதிய ஆன்டிபாடியில் பார்த்தோம். வேறு கம்பெனியின், வேறு விதமாகத் தயாரித்த ஆன்டிபாடியிலும் பார்த்தோம். சார் வழக்கப்படி இன்னொரு தடவை என்றார். இந்தத் தடவை நான் முணுமுணுக்கவில்லை. சுரங்கத்துக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் அந்தக் கைனேஸில் வித்தியாசம் இல்லை.

ஊதிப் பார்த்த முடிவு வேறு மாதிரி இருந்தது. கிரஷர் பக்கம் வெகுகாலம் இருந்தவர்களில் பலருக்கு ஊதும் மூச்சின் வேகம் குறைந்திருந்தது. டாக்டரம்மா அவர்களுக்குச் சீட்டு எழுதி எக்ஸ்ரேவுக்குக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே சிலருக்கு நுரையீரலில் தழும்பு தெரிந்தது. முருகையன் அதில் ஒருவர். சின்னத்தம்பிக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. அவர்தான் மற்றவர்களின் சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரிடம் மறுபடி போனார். பேப்பர் செய்தியை வைத்துத் தள்ளிப்போட்டவர்களால் டாக்டர் சீட்டைத் தள்ளிப்போட முடியவில்லை. முருகையனையும் இன்னும் சிலரையும் கேட்டில் நிற்கும் வேலைக்கு மாற்றினார்கள். எல்லோரையும் இல்லை. முகமூடி வந்தது. வருடாந்திரப் பரிசோதனையை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கோபப்படுவது இங்கேதான். ஊதச் சொன்னால் தெரிகிற ஒன்றை விட்டுவிட்டு, முயலைப் பிடித்துக்கொண்டு எத்தனை காலம் அலைந்தோம்! முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசை தப்பில்லை, அதை இளவரசியிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த முதல் நாளிலேயே ஊதும் கருவியையும் பக்கத்தில் வைத்திருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை. கருத்தரங்கில் காட்ட அதில் கறுப்புப் பட்டை விழாதே.

இளவரசி ஆய்வேட்டை முழுக்கத் திருப்பி எழுதினாள். பட்டை எப்படி ஏமாற்றியது, பஸ் எப்படி ஏமாற்றியது என்பதற்கே இரண்டு அத்தியாயம் வைத்தாள். வாய்மொழித் தேர்வு நான் ஓய்வு பெறும் மாதத்தில் நடந்தது. வெளியில் இருந்து வந்த பேராசிரியர் துருவித் துருவிக் கேட்டார். கடைசியில், ஆக உங்கள் முடிவு என்ன என்றார். தூசியில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கைனேஸ் கூடுவதாக என்னால் காட்ட முடியவில்லை சார் என்றாள், குரல் நடுங்காமல். பட்டம் கொடுத்தார்கள்.

முருகையன் வெள்ளை வேட்டி சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேர்வு முழுக்க ஆங்கிலத்தில் நடந்ததால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாஸாங்க?”

“பாஸ்தான் அண்ணே. இனிமே டாக்டர் இளவரசி.”

“கடைசியா அந்தப் பெரியவரு என்ன கேட்டாரு?”

“என்ன கண்டுபிடிச்சேன்னு கேட்டாரு. அவ தேடினது அங்க இல்லைன்னு சொன்னா.”

“இல்லைன்னு சொல்றதுக்கா இத்தனை வருசம் படிச்சா?”

“ஆமாங்க,” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அறைக்குள் இருந்து மாலையோடு ஓடிவந்த இளவரசி வாசலிலேயே நின்றுவிட்டாள். இருமல் அடங்கும்வரை நானும் அவளும் அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.